மறுமொழி

அருணகிரிக்குப் பேச்சு திரும்பிய அன்று அவர் கேட்க நினைத்தது ஒரு டம்ளர் தண்ணீர்தான்.

அதற்கு முந்தைய பல மாதங்கள் அவர் வாயிலிருந்து "அது... அது..." என்பதைத் தவிர வேறெதுவும் வந்ததில்லை. மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, வலது கையும் பேச்சும் ஒரே காலையில் போய்விட்டன. முப்பது வருடமாகப் பட்டிமன்ற மேடைகளில் பேசியே பிழைத்தவர். திருச்சியைச் சுற்றி அவர் பெயர் போட்ட சுவரொட்டி ஒட்டாத திருவிழா குறைவு.

மருத்துவமனையில், பேச்சுக்கருவி செய்யும் நிறுவனத்தின் பொறியாளர் ஜெபராஜ் அவருடைய காதுக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டை வைத்தார். மண்டைக்குள் ஏற்கெனவே பதித்திருந்த தகடு அதைக் காந்தம் போல இழுத்துப் பிடித்துக்கொண்டது. தொண்டைக்குழிக்குக் கீழே சின்ன ஒலிபெருக்கி ஒன்று.

"ஏதாவது சொல்லணும்னு நினைங்க அய்யா. நினைச்சா போதும்."

அருணகிரி தண்ணீர் என்று நினைத்தார்.

"தாகம் தொண்டையில் இல்லை தம்பி, பேச ஆளில்லாத தனிமையில் இருக்கிறது! இருந்தாலும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால் இந்த அருணகிரி வேண்டாம் என்று சொல்ல மாட்டான்."

அவருடைய குரலேதான். கடைசிச் சொல்லை லேசாக இழுத்து விடுகிற அதே பாணி. செவிலியர்கள் கைதட்டினார்கள். அவர் மனைவி செண்பகவல்லி சுவரோரமாக, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அருணகிரிக்கும் கண்ணீர் வந்தது. தண்ணீரும் வந்தது. தான் நினைத்தது அவ்வளவு நீளம் இல்லையே என்று அன்று அவருக்குத் தோன்றவில்லை.

கருவியின் பெயர் மறுமொழி. அது எப்படி வேலை செய்கிறது என்று செண்பகம் கேட்டபோது ஜெபராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

"மூளைக்குள்ள முழு வாக்கியத்தையும் யாராலயும் படிக்க முடியாதும்மா. எதைப் பத்திப் பேச வர்றாருன்னு ஒரு முளை மட்டும்தான் நமக்குக் கிடைக்கும். மிச்சத்தை அதுவே கட்டிக்கும். அய்யாவோட மேடைப்பேச்சு, பேட்டி, யூடியூப், முகநூல்ல எழுதினது எல்லாத்தையும் அதுக்குப் படிக்கக் கொடுத்திருக்கோம். இவ்வளவு பேசிச் சேர்த்து வச்ச ஆள் எங்களுக்குக் கிடைச்சதே இல்லை."

"அப்ப முன்னாடி எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசுவாரா?"

"அப்படியேம்மா."

செண்பகம் தலையை மட்டும் ஆட்டினாள்.

"எங்கம்மாவுக்கும் இதேதான் வந்துச்சு," என்றார் ஜெபராஜ், வட்டைச் சரி பார்த்தபடி. "ரெண்டு வருஷம் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தாங்க. கடைசி வரைக்கும் என்ன சொல்ல வந்தாங்கன்னு தெரியாமலே போயிடுச்சு. இது அப்பவே இருந்திருக்கலாம்."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த வேலைக்கு அவர் வந்ததே அதற்காகத்தான்.

உறையூர் வீட்டுக்கு வந்த பிறகு முதல் சில வாரங்கள் திருவிழா மாதிரி இருந்தன. பார்க்க வந்தவர்கள் எல்லாம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். கைபேசியும் கருவியோடு இணைக்கப்பட்டிருந்தது. அவர் ஒரு படத்தைப் பார்த்து ஏதாவது நினைத்தால் போதும், அவர் முகநூல் பக்கத்தில் பதிவு தானாக ஏறிவிடும். நோய் வருவதற்கு முன் இருந்ததைவிட மூன்று மடங்கு பேர் அவரைப் பின்தொடர்ந்தார்கள்.

சின்ன விஷயங்களில்தான் முதலில் இடறியது. காலையில் உப்புமா வைத்தாள் செண்பகம். அவருக்குப் பிடிக்காது. வேண்டாம் என்று நினைத்தார்.

"வேண்டாம் என்று சொல்ல நான் யார்? கொடுப்பவர் கை மணக்கும்போது உப்புமாவும் விருந்துதான்!" என்றது அவர் குரல்.

சாப்பிட்டார். தட்டு காலியானதும் இன்னும் ஒரு கரண்டி விழுந்தது.

யோசித்துப் பார்த்தபோது அவருக்கே காரணம் புரிந்தது. முப்பது வருடத்தில் எந்த மேடையிலும் அவர் வெறுமனே இல்லை என்று சொன்னதில்லை. 'இல்லை என்று சொல்வதற்கில்லை', 'மறுக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்', 'வேண்டாம் என்று சொல்ல நான் யார்' என்று மறுப்பில் தொடங்கி, கைதட்டலுக்கு ஏற்றபடி சம்மதத்தில் கொண்டுபோய் முடிப்பதுதான் அவர் பாணி. அதைத்தான் கருவி படித்திருந்தது. அவர் எங்கே புறப்பட்டாலும் அது அவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இடத்திலேயே இறக்கிவிட்டது.

எழுதிக் காட்டலாம் என்று பார்த்தார். இடது கையால் எழுதினால் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அடுத்த எழுத்து எது என்பதே நினைவுக்கு வரவில்லை. கைபேசியில் 'வே' என்று தட்டியதும் அதுவே 'வேண்டுகிறேன் நண்பர்களே' என்று எழுதி அனுப்பிவிட்டது. இருநூறு பேர் பூங்கொத்துப் போட்டார்கள்.

வட்டைக் கழற்றுவது சுலபம், இடது கையால் நெம்பினால் வந்துவிடும். ஆனால் கழற்றினால் மறுபடியும் அந்த "அது... அது..." தான். சுற்றி நிற்பவர்கள் பதறிப்போய், "அய்யாவுக்குக் கழண்டுடுச்சு பாருங்க" என்று எடுத்து ஒட்டிவிடுவார்கள். ஒட்டியதும் அவர் குரல் அவர்களுக்கு நன்றி சொல்லும்.

பரமசிவம் இறந்தபோதுதான் அவருக்குப் பயம் வந்தது. இருவரும் எதிரெதிர் அணியில் பேசிப் பேசியே நண்பர்களானவர்கள். ஸ்ரீரங்கத்து வீட்டில், கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் பரமசிவத்தின் மனைவி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அருணகிரி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்ல வேண்டாம், சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் நினைத்தது. கருவிக்கு அவருடைய துக்கமே முளையாகிவிட்டது.

"மரணமே, நீ எங்கள் எதிரணித் தலைவனைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் அவன் வைத்த வாதத்துக்கு உன்னிடம் பதில் உண்டா?"

அழுகை நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். கைபேசிகள் உயர்ந்தன. குரல் நிற்கவில்லை. பரமசிவம் ஒருமுறை ஒலிவாங்கி வேலை செய்யாமல் திணறிய கதையைச் சொல்லி, இடையில் ஒரு சிரிப்பையும் வரவழைத்து, கவிதை போல முடித்தது. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேடையில் இருப்பவரைக் கும்பிடுவது போல அவரைக் கும்பிட்டார். பிறகு அழவே இல்லை. வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

காரில் அவர் வட்டைப் பிய்த்து மடியில் போட்டுக்கொண்டார். செண்பகம் எடுத்துத் துடைத்து, மெதுவாகக் காதுக்குப் பின்னால் வைத்தாள்.

"தலை வலிக்குதா?" என்று கேட்டாள்.

"உன் கை பட்ட பிறகு வலி எங்கே இருக்கும்?" என்றது.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் தன் உடம்புக்குள்ளேயே, யாரோ பூட்டிவிட்டுப் போன அறையில் இருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். வெளியே அவர் பெயரில் ஒருவன் நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தான்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி மட்டும் நிற்காமல் நடந்துகொண்டிருந்தது. நஸ்ரின் என்ற இளம்பெண்தான் பயிற்சி கொடுப்பாள். அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக வட்டைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிடுவாள். உலகத்தில் அவரை அந்த வட்டு இல்லாமல் பார்க்க விரும்பிய ஒரே ஆள் அவள்தான்.

"ராகமா இழுங்க சார். பேசறதுக்கு இடது மூளை, பாடறதுக்கு வலதுன்னு வச்சுக்கங்க. வலதுபக்கம் நல்லாத்தான் இருக்கு. அதைப் பேசப் பழக்குவோம்," என்று சொல்லி அவர் இடது கையைப் பிடித்து மேசையில் தட்டுவாள். தட்டுக்கு ஓர் அசை. "வேண்... டாம். வேண்... டாம்."

எந்தச் சொல்லை முதலில் பழக வேண்டும் என்று படங்களைக் காட்டிக் கேட்டபோது, ஒரு கை தட்டைத் தள்ளிவிடுகிற படத்தைத்தான் அவர் தொட்டிருந்தார். வியர்க்க வியர்க்க முயன்று ஒருநாள் சொல்லிவிட்டார். "வேண்... டாம்." கோணலாக, குழந்தை சொல்வது போல. நஸ்ரின் எழுந்து நின்று கைகொடுத்தாள். மேடையில் எத்தனையோ கைதட்டல் வாங்கியவருக்கு அந்தக் கைகுலுக்கல் போல எதுவும் இருந்ததில்லை.

அன்றுதான் அவள் கேட்டாள்.

"சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. ரெண்டாம் கட்டச் சிகிச்சைக்குத் தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டீங்களா?"

அவர் விழித்தார்.

"போன வாரம் உங்க முகநூல் பக்கத்துல நீங்களே சந்தோஷமாப் போட்டிருந்தீங்களே. இனிமே வெளிவட்டே இருக்காது சார். எல்லாம் உள்ளேயே நிரந்தரமா இணைச்சிடுவாங்க. கழட்ட முடியாது. இப்ப உங்க வலது மூளையில பேச்சுக்கு ஒரு இடம் உருவாகிக்கிட்டிருக்கு இல்லையா, அந்த இடத்தைத்தான் அவங்க எடுத்துக்கப் போறாங்க. அப்புறம் உங்க சொந்தப் பேச்சு வராது. இந்த 'வேண்டாம்' கூட."

அருணகிரி மேசையை இடது கையால் ஓங்கித் தட்டினார். "வேண்... டாம். வேண்... டாம். வேண்டாம்."

"எனக்குப் புரியுது சார். ஆனா நீங்க அவங்ககிட்டச் சொல்லணும்."

சம்மதத்தைப் பதிவு செய்ய நாள் குறித்திருந்தார்கள். கேமரா, அதற்குப் பின்னால் ஜெபராஜ், பக்கத்து நாற்காலியில் செண்பகம். நிரந்தரமாக இணைத்துக்கொள்ளும் முதல் ஆள் அருணகிரி என்பதால், அதன்பின் சென்னையில் ஒரு பெரிய அறிமுக விழாவும் ஏற்பாடாகியிருந்தது. அவர்தான் தலைமைப் பேச்சாளர்.

"அய்யா, இந்தச் சிகிச்சைக்கு உங்களுக்கு முழு சம்மதமா?"

அருணகிரி தன் பலத்தையெல்லாம் திரட்டி இல்லை என்று நினைத்தார்.

"இல்லை என்று சொல்வதற்கு இந்த நாக்குக்கு இனி உரிமை இல்லை! இழந்ததைத் திருப்பிக் கொடுத்தவர்கள் கேட்கும்போது உயிரையே கொடுக்கலாம், சம்மதம் கொடுக்கக் கூடாதா?"

ஜெபராஜ் சிரித்தார். அருணகிரி வட்டைப் பிடுங்கித் தரையில் எறிந்தார். எழுந்து நின்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது சொன்னால் போதும். இடது கையால் தொடையில் தட்டினார்.

"வேண்... வேண்..."

அடுத்த அசை வரவில்லை. பயிற்சி அறையில் வந்தது, கேமராவுக்கு முன்னால் எங்கோ ஒளிந்துகொண்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "வேண்... வேண்..."

"வேணும்னு சொல்றாரு!" என்றார் ஜெபராஜ். அவர் குரல் தழுதழுத்தது. "கருவி இல்லாமலே சொல்றாரு பாருங்கம்மா. பதிவாகுதா?"

பதிவானது. செண்பகம் குனிந்து வட்டைப் பொறுக்கி எடுத்தாள். அதை ஒட்டும்போது அவள் அவர் கண்களைப் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் நஸ்ரின் உறையூர் வீட்டுக்கு வந்தாள். அருணகிரி உள்ளறையில் படுத்திருந்தார். வட்டு தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. கதவு முழுக்கச் சாத்தவில்லை. கூடத்தில் பேசுவது காதில் விழுந்தது.

"மேலதிகாரிகிட்டச் சொல்லிட்டேன்மா. நோயாளி அவர் குரல்லயே சம்மதிச்ச பதிவு இருக்கு, நீ சொல்றதை நம்பறதா அவர் சொன்னதை நம்பறதான்னு கேக்கறாரு. நீங்க சொன்னாத்தான் நிறுத்துவாங்க. நேத்துப் பதிவுல அவர் சொல்ல வந்தது 'வேண்டாம்'தாம்மா. சத்தியமா."

"தெரியும்," என்றாள் செண்பகம்.

"தெரியுமா?"

"முதல் நாள் தண்ணி கேட்டப்பவே தெரியும். தண்ணி வேணும்னா அவர் டம்ளரை நகர்த்துவாரு. அவ்வளவுதான். எல்லாமே தெரியும் நஸ்ரின். உப்புமா பிடிக்காதுன்னு தெரியும். பரமசிவம் அண்ணன் வீட்டுல அவர் பேச வரலைன்னு தெரியும்."

"அப்புறம் ஏம்மா..."

"நீ அவர் பட்டிமன்றம் பாத்திருக்கியா?"

"யூடியூப்ல பாத்திருக்கேன்மா."

"என்னை வச்சு எத்தனை கதை சொல்லியிருக்காரு, கேட்டிருப்பியே. என் சமையல், என் அடம், என் தூக்கம். கோயிலுக்குப் போனா முன்னப்பின்ன தெரியாதவங்க என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. சரி, அது தொழில்னு விட்டுட்டேன். ஆனா வீட்டுக்கு வந்தா பேச மாட்டாரு. தொண்டைக்கு ஓய்வாம். இன்னிக்கு என்ன சமைக்கட்டும்னு கேட்டாக் கூட ஒரு கையாட்டல்தான். எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தாங்களே, அன்னிக்கு ராத்திரி கரூர்ல மேடையில இருந்தாரு. பயமா இருக்குன்னு போன் பண்ணினேன். 'ம்'னு சொல்லிட்டு வச்சுட்டாரு."

குரல் உயரவில்லை. சாதாரணமாகச் சமையல் பற்றிப் பேசுவது போலத்தான் சொன்னாள்.

"இந்த மிஷின் வந்த பிறகுதான் நான் கேட்டா பதில் வருது. ஊர்க்காரங்ககிட்ட எப்படிப் பேசுவாரோ அப்படி எங்கிட்டப் பேசுது. சாப்பிட்டியான்னு கேக்குது. கால் வலிக்குதான்னு கேக்குது. அவர் இல்லைன்னு தெரியும். அவர் குரல்தானே. அதுவே போதும்னு ஆயிடுச்சு எனக்கு."

"அவர் உள்ள மாட்டிக்கிட்டிருக்காரும்மா," என்றாள் நஸ்ரின்.

"நானும்தான் இருந்தேன்."

நஸ்ரின் எழுந்து போனாள். செருப்புச் சத்தம் படியிறங்கியது.

அருணகிரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதலில் கோபம்தான் வந்தது. தெரிந்தே செய்திருக்கிறாள். தினமும் துடைத்துத் துடைத்து ஒட்டியிருக்கிறாள். அந்தக் கோபத்தைச் சொல்லக்கூட அவரிடம் சொல் இல்லை. பிறகு அந்த 'ம்' நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை. கரூரில் அன்று என்ன தலைப்பு என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

எழுந்து, வட்டை இடது கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். செண்பகம் அவரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். கேட்டுவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் அவள் முகம் மாறவில்லை. அவர் வட்டை அவள் உள்ளங்கையில் வைத்தார். வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

ஒட்டிவிடச் சொல்கிறாரா, தூக்கி எறியச் சொல்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட அவராலும் முடியவில்லை. முழங்காலில் தட்ட ஆரம்பித்தார்.

"செ..." என்றார். "செம்... செம்பு."

அவள் தலையசைக்கவில்லை, திருத்தவும் இல்லை.

"செம்... பா. செம்... பகம்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டில் 'இந்தா', மேடையில் 'எங்க வீட்டம்மா'. நஸ்ரின் அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவராகத் தேடி எடுத்தது. அடுத்த சொல்லுக்கு இன்னும் நேரம் ஆனது. வாய் கோணியது, எச்சில் வழிந்தது, இரண்டு முறை தவறான சத்தங்கள் வந்தன. முன்பானால் பாதியிலேயே அவள் வட்டை ஒட்டியிருப்பாள். இன்று அதை இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வலி... வலிச்... சுதா?"

எது என்று அவள் கேட்கவில்லை. ஆபரேஷன் நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன.

"வலிச்சுது," என்றாள். "ரொம்ப."

அவர் தலையை ஆட்டினார். மேலே சொல்ல ஒன்றும் வரவில்லை. வரவேண்டும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. பிறகு அவள் எழுந்து போய் ஜெபராஜுக்குப் போன் செய்தாள்.

"சிகிச்சை வேண்டாம் தம்பி. அவர் வேண்டாம்னு சொல்லிட்டாரு."

"எப்பம்மா? பதிவுல..."

"இப்ப. எங்கிட்ட."

ஜெபராஜ் வாதாடவில்லை. குடும்பம் மறுத்தால் சிகிச்சை இல்லை என்று ஒத்துக்கொண்டார். தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார்.

"விழா மட்டும் நிக்காதும்மா. முதல் ஒப்பந்தத்துலயே அவர் குரலையும் முகத்தையும் எங்க நிறுவனத்துக்குக் கொடுத்தாச்சு. அய்யா வராட்டாலும் பரவாயில்லை, திரையில வருவாரு. பேசறதுக்கு முளை கூடத் தேவைப்படாது. இத்தனை மாசத்துல அது அவரை நல்லாப் படிச்சுக்கிச்சு."

"அவர் அதுக்கும் வேண்டாம்னு சொன்னா?"

"வேண்டாம்னு ஒரு பதிவு அவர் முகநூல் பக்கத்துல போட்டாத்தான் கணக்கும்மா. ஆனா அந்தப் பக்கத்துல எழுதறதும் அந்தக் கருவிதானே."

அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். பேச முடியாத தாயோடு இரண்டு வருடம் இருந்த அந்த மகனுக்கு அதைத் தடுக்கவும் தெரியவில்லை, தடுக்க மனமும் இல்லை.

விழா அன்று மாலை செண்பகம் கைபேசியைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து நிறுத்தினாள். இருவரும் நேரலையைப் பார்த்தார்கள். பெரிய அரங்கம். திரையில் அருணகிரி, நோய்க்கு முந்தைய முகத்தோடு, இரண்டு கைகளையும் விரித்துப் பேசிக்கொண்டிருந்தார். சிகிச்சை வெற்றி என்றார். இனி தனக்கு மௌனமே இல்லை என்றார். பேச்சை இழந்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் எல்லோரையும் தன்னோடு வரச் சொல்லி அழைத்தார். தன் மனைவியைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை சொன்னார். புதிய கதை; அப்படி எதுவும் நடந்ததே இல்லை. அரங்கம் குலுங்கியது. பேச்சு இழந்தவர்களின் குடும்பத்தார் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கருவிக்குப் பெயர் பதிவு செய்தவர்களின் எண்ணிக்கை திரையோரத்தில் ஏறிக்கொண்டே போனது.

இங்கே உட்கார்ந்திருந்தவர் வாயைத் திறந்தார். அவர்களைத் தடுக்க வேண்டும் என்று அவர் முகம் முழுக்க எழுதியிருந்தது. "வேண்... டாம்," என்றார் கைபேசியைப் பார்த்து. இந்த முறை தடங்கல் இல்லாமல் வந்தது. "வேண்டாம். வேண்டாம்." அது யாருக்கும் கேட்கவில்லை.

செண்பகம் அவர் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் பேச்சு முடிந்து எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"யாருங்க இது?" என்று கேட்டாள்.

அவர் அவள் மடியில் தட்டித் தட்டிச் சொல்லைத் தேடினார். கைதட்டல் ஓய்ந்து, விளக்குகள் அணைந்து, நேரலையும் முடிந்துவிட்டது. அவள் அவசரப்படுத்தவில்லை.

"தெரி..." என்றார் அருணகிரி. "தெரி... யலை."